இலக்கைத் தாங்கும் காரணம்

கள்ளக்குறிச்சி நகரில் உள்ள கருணாபுரம், 2024 ஜூன் மாதம் வரை வெளியூரார் பெரிதும் அறியாத ஒரு குடியிருப்பு. அம்மாதம் 18-ஆம் நாள் முதல் அங்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தை அருந்தியவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். தாயையும் தந்தையையும் ஒரே நேரத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு.

உயிரிழந்தோர் குடும்பத்துக்குத் தலா ரூ.10 லட்சம் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும் வரை மாதந்தோறும் ரூ.5,000, அவர்கள் பெயரில் ரூ.5 லட்சம் வைப்புத்தொகை, பெற்றோரில் ஒருவரை இழந்தோருக்கு ரூ.3 லட்சம் வைப்புத்தொகை, பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு ஆகியவையும் அறிவிக்கப்பட்டன. குற்றவாளிகள் யார், தவறியது யார் என்பன பற்றிய விசாரணை ஒருபுறம் நடக்கட்டும். நான் பேச விரும்புவது அந்தப் பிள்ளைகளைப் பற்றி.

2024-இல் பத்து வயதாக இருந்த ஒரு சிறுமிக்கு 2032-இல் 18 வயது நிறையும். வைப்புத்தொகை வட்டியுடன் அவள் கைக்கு வரும். அந்தப் பணம் செவிலியர் படிப்புக்குப் போகுமா, அவசரத் திருமணத்துக்குப் போகுமா, உறவினர் கடனுக்குப் போகுமா? இதை வங்கி முடிவு செய்யாது; அரசாணையும் முடிவு செய்யாது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் 'நான் ஏன் படிக்க வேண்டும்' என்ற கேள்விக்கு அவள் மனத்தில் எத்தகைய விடை உருவாகிறதோ, அதுவே பெருமளவு முடிவு செய்யும். 'எப்படிப் படிப்பது' என்பதற்கு விடை தர அரசால் முடியும். 'ஏன்' என்பதற்கான விடையை அவள்தான் கண்டடைய வேண்டும். ஆனால், தனியாகக் கண்டடைய வேண்டும் என்பதில்லை.

ஊக்கம் என்பது உளவியலாரும் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் பேச வேண்டிய பொருளாயிற்றே, பொருளியல் பேராசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பொருளியல் பாடநூல்கள் மனிதரின் விருப்பங்களை முன்பே தரப்பட்டவையாக வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகின்றன. விருப்பம் எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சி நெடுங்காலம் எங்கள் துறைக்கு வெளியே இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் அந்த நிலை மாறியிருக்கிறது. வறுமை வருமானத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எதை விரும்பலாம் என்ற எல்லையையும் குறுக்கிவிடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

திருக்குறளில் 'ஊக்கமுடைமை' என்றொரு தனி அதிகாரமே உண்டு. மனிதரின் உயர்வு அவர்தம் உள்ளத்தைப் பொறுத்தது என்று சொல்ல, நீரின் உயரத்துக்கு ஏற்ப நீளும் மலர்த்தண்டை வள்ளுவர் அங்கு உவமையாக்குகிறார். உள்ளத்தை உயர்த்திக்கொள் என்பதையே நாம் இதிலிருந்து வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். உவமையின் மறுபாதியையும் கவனிக்க வேண்டும். குளத்தில் நீர் இருந்தால்தான் தண்டு வளரும். வற்றிய குளத்தில் நின்றுகொண்டு தாமரையைக் குறை சொல்வதில் பொருளில்லை.

மானுடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை 2004-இல் இதை 'ஆர்வம் கொள்ளும் திறன்' என்று குறிப்பிட்டார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு, இன்றைய பள்ளியிலிருந்து பத்தாண்டுக்குப் பிந்தைய வேலை வரை செல்லும் வழி ஒரு வரைபடம்போல் தெரியும். எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி, யாரைக் கேட்பது, தவறினால் அடுத்த வழி எது என்பதையெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே அது கற்றுவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் 'டாக்டராக வேண்டும்' என்ற ஆசை உண்டு. இடையில் உள்ள ஊர்களின் பெயர்தான் அதற்குத் தெரியாது.

பொருளியலாளர் தேவராஜ் ரே இன்னொரு கருத்தைச் சேர்த்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் 'ஆர்வச் சாளரம்' உண்டு. தம்மைப் போன்றவர்கள் என்று தாம் கருதும் மனிதரின் வாழ்க்கைகளே அந்தச் சாளரம் வழியே தெரிகின்றன என்றார் அவர். இன்றைய நிலைக்கும் விரும்பும் நிலைக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிதாக இருந்தால் முயற்சி தேவைப்படாது. மிகப் பெரிதாக இருந்தால் முயன்றும் பயனில்லை என்று மனம் சோர்ந்துவிடும். இடைப்பட்ட தொலைவில்தான் ஊக்கம் பிறக்கிறது. மேடையில் நின்று 'பெரிதாகக் கனவு காணுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் பேச்சு பல பிள்ளைகளிடம் ஏன் இரண்டு நாள்கூடத் தங்குவதில்லை என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

கருணாபுரத்துக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை அம்மலைப் பகுதி ஜாகிர்தாரர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் அந்த ஆதிக்கத்திலிருந்து விடுபட்டனர். தனக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்ளும் உரிமையே அங்கு இரண்டு தலைமுறை வயதுடையதுதான். 2024 நிகழ்வுக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. பள்ளிக்குச் செல்லப் பாதை வேண்டும் என்பதற்கே நீதிமன்றம் தலையிட வேண்டிய ஊரில், 'உனக்கு ஊக்கம் போதாது' என்று ஒரு மாணவரைப் பார்த்துச் சொல்வது நேர்மையாகாது.

அதே மலையின் சேலம் மாவட்டப் பகுதியில் கருமந்துறை உள்ளது. அங்குள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-இல் ஜே.இ.இ. தேர்வில் வென்று சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. மலையில் உள்ள ஒவ்வொரு பள்ளியின் சாளரத்திலும் இன்று ஒரு புதிய முகம் தெரிகிறது. அந்த முகம் அவர்களைப் போன்ற முகம் என்பதே இதன் சிறப்பு.

இத்தகைய முகங்களின் ஆற்றல் கற்பனையன்று. எத்தியோப்பியாவின் சிற்றூர்களில் ஆய்வாளர்கள் சில ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறும்படங்களைக் காட்டினர். அதே நாட்டின் எளிய மக்கள் தம் முயற்சியால் சிறிது முன்னேறிய கதைகளே அவை. ஆறு மாதங்களுக்குப் பின், படம் பார்த்த குடும்பங்களில் சேமிப்பும் பிள்ளைகளின் கல்விக்கான செலவும் கூடியிருந்தன. அப்படங்களில் வந்தவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். பக்கத்து ஊர்க்காரர்கள் போன்றவர்கள்.

ஆகவே, ஐ.ஐ.டி. என்ற ஒரே விளக்கை மட்டும் உயரத்தில் ஏற்றிவைப்பது போதாது. நடுவில் பல விளக்குகள் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், ஆய்வகத் தொழில்நுட்பர், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து மின்பணியாளரானவர், புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செதுக்கி விற்பவர் என்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளவர்களும் பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. விஷச் சாராயம் குடித்தவர்கள் பலர் அங்குதான் கொண்டுசெல்லப்பட்டனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் நடைமுறையில் உள்ளது. நோயாளியின் படுக்கையருகே அழுதுகொண்டு நின்ற பிள்ளையை, வகுப்பறையையும் ஆய்வகத்தையும் காட்டுவதற்காக ஒரு நாள் அதே வளாகத்துக்குள் அழைத்துச் செல்ல எவ்வளவு செலவாகும்?

தகவல் தந்தால் போதும், பணம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பள்ளிக் கல்வியை முடித்தால் ஊதியம் எவ்வளவு உயரும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்கள் மிகக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர். உண்மை நிலவரத்தை எடுத்துச் சொன்னதும் அவர்களில் பலர் கூடுதல் காலம் பள்ளியில் நீடித்தனர். ஆனால், மிக ஏழைக் குடும்பத்து மாணவர்களிடம் மட்டும் அந்த மாற்றம் அநேகமாக நிகழவில்லை. அவர்களுக்கும் படிப்பின் பயன் புரிந்தது, படிக்கத்தான் வசதியில்லை. காரணம் மட்டும் இருந்தும் பயனில்லை, பணம் மட்டும் இருந்தும் பயனில்லை. கருணாபுரத்துப் பிள்ளைகளுக்குப் பணத்துக்கான ஏற்பாடு ஓரளவு செய்யப்பட்டிருக்கிறது. எஞ்சியிருப்பது மற்றப் பாதி.

அடுத்து, காரணங்களின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். துயரம் நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நம் சமூகம் மிக எளிதாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: 'உன் அப்பாவைப் போல ஆகிவிடாதே, நன்றாகப் படி.' சொல்பவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கும். ஆயினும், இதைவிட நலிந்த காரணம் வேறில்லை என்பேன். முதலாவதாக, இறந்த தகப்பனைப் பழித்துத்தான் பிள்ளை முன்னேற வேண்டும் என்பது கொடுமை. மூட்டை சுமந்து, வண்ணம் பூசி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவரும் அதே தகப்பன்தான். இரண்டாவதாக, எதிலிருந்து ஓட வேண்டும் என்பது தெரிந்தால் திசை தெரிந்துவிடாது. அச்சம் ஓடத் தொடங்கச் செய்யும். ஆபத்து சற்று விலகியதும் கால்கள் நின்றுவிடும். எதை நோக்கிச் செல்கிறோம் என்ற காரணமே நெடுந்தொலைவு நடக்கவைக்கும்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. சேரும்போதே 'ஏன் இங்கு வந்தாய்' என்று அவர்களிடம் கேட்டிருந்தனர். நல்ல ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பது போல, செய்யும் பணியிலேயே வேர்கொண்ட காரணம் உடையவர்கள் படிப்பை முடிப்பதிலும் பணியில் நிலைப்பதிலும் முன்னின்றனர். அதோடு வேலைவாய்ப்பு, வருமானம் போன்ற வெளிக்காரணங்களும் வலுவாக இருந்தவர்கள் இன்னும் சிறப்பாகச் செய்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் பின்தங்கினர். காரணங்களின் எண்ணிக்கை கூடுவதால் ஊக்கம் கூடுவதில்லை.

இந்த முடிவை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு வர இயலாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு ஊதியம் ஒரு முறையான காரணமே. நானும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த வகுப்புகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன். பொருளியலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதலாண்டு மாணவர்களைக் கேட்டால், 'வேலை கிடைக்கும்' என்றோ 'இடம் இதில்தான் கிடைத்தது' என்றோதான் பெரும்பாலும் விடை வரும். அந்த விடைகளில் குறையொன்றுமில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில், விலைவாசி ஏன் ஏறுகிறது என்றோ தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஏன் நலிந்தது என்றோ அறிய விரும்பித் தாமாக நூலகத்துக்குப் போனவர்கள்தாம் பின்னாளில் அந்த வேலையையும் பெற்றார்கள். ஊதியம் வாசல்வரை கொண்டுவந்துவிடும். உள்ளே உட்காரவைக்க வேறொன்று வேண்டும்.

காரணம் இருந்தும் செயல் நடக்காமல் போவதும் உண்டு. 'அவர்களுக்கு வாழ வேண்டும் என்ற எண்ணமே இல்லை, அதனால்தான் குடித்தார்கள்' என்று அந்த ஜூன் மாதத்தில் பலர் பேசினர். இதற்கு விடையாகச் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் சென்னையின் 229 சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர்களிடம் நடத்திய அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பகலில் குடிக்காமல் வந்தால் ஊக்கத்தொகை என்று அவர்களில் ஒரு பிரிவினருக்கு அறிவிக்கப்பட்டது. அவர்களிடையே பகல்நேரக் குடி குறைந்தது. வருமானத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் சேமிப்பு 50 விழுக்காடு உயர்ந்தது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. பங்கேற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், கையில் வரக்கூடிய பணத்தில் ஒரு பகுதியை இழந்தாவது, குடிக்காமல் இருப்பதற்கான அந்த ஏற்பாடு தமக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றனர்.

அதாவது, குடியை விட வேண்டும் என்ற விருப்பமும் அதற்கான காரணமும் அவர்களிடம் இருந்தன. உடல் வலியும் களைப்பும் மிகும் வேளையில் அந்தக் காரணத்தைத் தாங்கி நிறுத்தும் தூண்தான் இல்லை. நாளைய நன்மையைவிட இன்றைய இளைப்பாறல் பெரிதாகத் தெரிவது மனித இயல்பு. தேர்வுக்கு முந்தைய இரவு கைப்பேசியைக் கீழே வைக்க இயலாத மாணவருக்கும், நடைப்பயிற்சியை நாளைக்கு ஒத்திப்போடும் நமக்கும் அதே இயல்புதான். வேறுபாடு என்னவெனில், நம் சறுக்கலுக்கான விலை குறைவு. ஏழையின் சறுக்கலுக்கான விலை சில வேளைகளில் உயிர்.

காரணத்தை முதலில் தேடிக் கண்டுபிடித்து, அதன்பிறகே செயலில் இறங்க வேண்டும் என்று எண்ணுவோரும் உள்ளனர். அண்டை மாநிலத்து அனுபவம் வேறு விதமாக இருந்தது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்றொரு சிற்றூர். 1990-களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி வகுப்புகளுக்குப் பெண்கள் வந்தது எழுத்துக் கற்கத்தான். பாடநூலில் சாராயக் கடையை எதிர்த்து ஒன்றுதிரண்ட பெண்களைப் பற்றிய ஒரு பாடம் இருந்தது. அதைப் படித்துப் பேசிய பெண்கள் தங்கள் ஊருக்கு வந்த சாராயத்தை 1992-இல் தடுத்து நிறுத்தினர். போராட்டம் மாவட்டம் முழுதும் பரவி, மாநிலத்தை உலுக்கியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. வகுப்பில் சேர்ந்த நாளில் அவர்களிடம் அந்த இலக்கு இல்லை. சிலேட்டை எடுத்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள். பேச்சில் காரணம் தெளிந்தது. தெளிந்த காரணம் எழுத்தறிவுக்கும் புதிய பொருள் தந்தது.

இவற்றையெல்லாம் ஒரு மாணவரோ, வாழ்வின் நடுவில் திசை தேடும் வயது வந்தவரோ தமக்கு எப்படிப் பயன்படுத்திக்கொள்வது? என் பரிந்துரை எளிமையானது. உங்கள் இலக்கை ஒரு தாளில் எழுதி, அதன்கீழ் 'ஏன்' என்று கேட்டு விடையை எழுதுங்கள். அந்த விடைக்கும் ஒரு 'ஏன்' கேளுங்கள். மூன்று, நான்கு முறை கேட்ட பின் எஞ்சும் விடையைக் கவனியுங்கள். அது பிறருக்குக் காட்டுவதற்கான விடையா, அச்சத்தின் விடையா, அல்லது யாரும் பாராட்டாவிட்டாலும் நீங்கள் செய்ய விரும்பும் ஒன்றா என்று பாருங்கள்.

பின்னர், அந்த இலக்கை எட்டிய, உங்களைப் போன்ற ஒருவரைத் தேடிச் சென்று, இன்றைக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்னென்ன படிகள் இருந்தன என்று கேளுங்கள். முதல் படியை மட்டும் நாள், வேளை, இடம் குறித்து வகுத்துக்கொள்ளுங்கள். 'இரவு உணவு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்கு' என்பது 'நன்றாகப் படிப்பேன்' என்பதைவிட வலிமையானது. நீங்கள் தளரும் வேளையில் கேள்வி கேட்கும் உரிமையை நம்பிக்கைக்குரிய ஒருவருக்குக் கொடுத்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். காரணம் மாறியிருந்தால் அது தோல்வியன்று. நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

கருணாபுரத்திலும் கல்வராயன் மலையிலும் உள்ள பிள்ளைகள் இதைத் தனியே செய்துகொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. வசதியுள்ள வீடுகளில் உணவு மேசையில் நடக்கும் இந்த உரையாடலை அவர்களுடன் நடத்த யாரேனும் வேண்டும். உயர்கல்விக்கு வழிகாட்ட 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திட்டங்கள் உள்ளன. அவற்றோடு, பெற்றோரை இழந்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியை நியமிக்கலாம். மாவட்டத்தில் பணிபுரியும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் ஆகியோரிலிருந்து முறையாகத் தேர்வு செய்து, அரசின் மேற்பார்வையில் இதைச் செய்ய இயலும். ஒருவருக்கு ஒரு பிள்ளை, மாதம் ஒரு சந்திப்பு, 18 வயது வரை. இதற்கு ஆகும் செலவு, அறிவிக்கப்பட்ட வைப்புத்தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அந்தத் தொகை உரிய பயனைத் தருவதற்கான காப்பீடாகவும் இதைக் கருதலாம்.

அப்படி நியமிக்கப்படுபவர்கள் முதல் சந்திப்பிலேயே அறிவுரையைத் தொடங்கிவிட வேண்டாம். 'உனக்கு எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை' என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். விடை வர இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம். காத்திருக்கத் தெரிந்தவர்களையே அந்தப் பணிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).